ஆஜர்ப் பட்டியலும் தொத்து நோயும்

தொத்து நோய்களைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களில் நன்கு கற்றவர்கள்கூட இரண்டு தப்பெண்ணங்களை இன்னும் விட்டபாடில்லை. நல்ல மலைக்காற்றுள்ள இடத்தில் நோய் அண்டாது என்பது ஒன்று. நோய் பரவுவதெல்லாம் ஜனங்களின் அஜாக்கிரதையால்தான், ஆகையால் அவர்களைக் கண்டித்து வைத்தால் போதும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிசகானவை. இதைச் சேலம் ஜில்லாவிலுள்ள சேர்வராயன் மலையையும் அதன் அடிவாரத்திலுள்ள கலாசாலைகளையும் முன்னிட்டு எடுத்துக்காட்ட விரும்புகிறோம். விஷயம் அம்மலைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகள் அனைத்திற்கும் உரியது.

ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார் என்பர். பின்னர் வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரர்கள் பங்களாக்கள் கட்டினார்கள். விடுதியுடன் கூடிய பள்ளிக்கூடங்களும் தோன்றின. மான்ட்போர்ட் பள்ளி 1917-ல் ஏற்பட்டது. மலையின் கீழே கருப்பூரில் அரசினர் பொறியியற் கல்லூரியும், 1997-ல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. காப்பித் தோட்டங்களில் வேலை செய்வோரின் மக்களும், மலையாளிகள் என்று வழங்கும் மலைவாசிகளின் மக்களும், இன்று இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸில் இறங்கிச் சேலத்துக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர்களில் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாசலை மிதித்தவர்கள். தொத்து நோய் விஷயத்தில் சர்வகலாசாலை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது, அப்பிள்ளைகளின் படிப்பை மட்டுமன்றி அவர்கள் வீட்டிலுள்ள முதியோரின் உயிரையும் பொறுத்த காரியமாகும்.

முதலில் மலைக்காற்றின் மகிமையைக் கவனிப்போம். க்ஷயரோகத்திற்கு மருந்தில்லாதிருந்த காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் போஷாக்கான உணவுமே சிகிச்சையாயிருந்தன. அந்த நம்பிக்கையின்மேல் உலகெங்கும் சானடோரியங்கள் எழுந்தன. நமது தாம்பரத்திலும் 1928-ல் டாக்டர் சவரிமுத்துவின் முயற்சியால் ஒன்று ஏற்பட்டது. அவை பெரிய தொண்டு செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் 1956-ல் சென்னையில் அமைக்கப்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தார் ஒரு பரீக்ஷை நடத்தினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியாரை நெருக்கடியான தத்தம் வீடுகளிலேயே விட்டும், இரு பகுதியாருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு உலகத்தாரின் கருத்தையே மாற்றியது. நல்ல உணவும் ஓய்வும் பெற்றுச் சானடோரியத்திலிருந்தவர்களுக்கும், ஏழை வீட்டிலிருந்தவர்களுக்கும் குணமடைவதில் பெரிய பேதம் இல்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தாருக்கு அதிகப்படியான ஆபத்து விளையவுமில்லை. முறையாக மருந்தைக் கொடுத்து, நோயாளியை விடாமல் கவனிப்பதே பிரதானம் என்று சென்னைப் பட்டணம் உலகத்துக்குக் கற்பித்தது.

தொத்து பரவும் வழியிலும் இதே உண்மைதான். நோயுற்றவன் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்ணிய துளிகள் அடைபட்ட அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கின்றன. வெளியே தூய காற்று வீசுகிறது என்பதால் உள்ளே இருப்பவனுக்கு என்ன பிரயோஜனம்? மார்கழிப் பனியில் ஏற்காட்டு விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் குளிருக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்துவிட்டால், அந்த அறைக்கும் சேலம் கடைவீதியிலுள்ள புழுக்கமான அறைக்கும் நோயின் கணக்கில் வித்தியாசமில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு மலைப்பாதையில் ஊர்ந்து செல்லும் பஸ்ஸும் அத்தகையதே. ஆகவே மலையைப் பார்த்து ஏமாறாமல் அறையைப் பார்க்க வேண்டும்.

இதற்குச் சமீப காலச் சான்று வேண்டுவோர் 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். விசாலமான வனம் போன்ற வளாகம் அது. மானும் மரமும் நிறைந்தது. கொரோனா காரணமாகப் பெரும்பாலான மாணவர்கள் ஊர்களிலேயே இருந்தார்கள். ஆராய்ச்சி மாணவர் முதலிய சில நூறு பேரே விடுதிகளில் தங்கியிருந்தார்கள். இருந்தும் அம்மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் 100-க்கு மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று கண்டது. ஒரே உணவுக்கூடத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிட்டதைச் சுகாதார அதிகாரிகள் முக்கிய காரணமாகக் குறிப்பிட்டார்கள். அப்பால் நூல்நிலையமும் சோதனைச்சாலைகளும் மூடப்பட்டன. உணவு அறைக்கே அனுப்பப்பட்டது. நோயுற்றோர் கிண்டி கிங் நிலைய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். 2022 ஏப்ரலில் அதே வளாகத்தில் மீண்டும் 100-க்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. முகவாய் மூடுவதைப் பற்றியும் கை கழுவுவதைப் பற்றியும் இந்நாட்டில் எவரைக்காட்டிலும் நன்கு அறிந்தவர்கள் வசிக்கும் இடத்திலேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், அறிவுக் குறைவே நோய்க்குக் காரணம் என்று யார் சொல்லக்கூடும்?

நோய் இளைஞர்களை லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடும் என்று அலக்ஷியம் செய்வோரும் உளர். அவர்கள் அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலையை நினைக்க வேண்டும். 2021-ல் கொரோனாவின் இரண்டாவது அலையில், சில வாரங்களுக்குள் அங்கே பணியிலிருந்த ஆசிரியர்கள் 16 பேரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலரும் மாண்டார்கள். காரணம் என்னவென்று ஆராயும்படி அதன் துணைவேந்தர் அவ்வாண்டு மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார். சர்வகலாசாலை என்பது இளைஞர்களின் கூட்டம் மட்டுமன்று. ஐம்பது அறுபது வயதுப் பேராசிரியரும், நீரிழிவுள்ள குமாஸ்தாவும், சமையற்கூடத்தில் அண்டா கழுவும் தாயாரும், இரவெல்லாம் வாயிலில் விழித்திருக்கும் காவலாளரும் அங்கேதான் இருக்கிறார்கள். மாணவனுக்கு மூன்று நாள் சுரமாயிருப்பது இவர்களுக்கு மூச்சின் முடிவாகவும் ஆகலாம்.

இனி இரண்டாவது தப்பெண்ணத்துக்கு வருவோம். தொத்து நோயுள்ளவன் ஏன் வெளியே வருகிறான்? ஏன் நோயை மறைக்கிறான்? இக்கேள்விக்குச் சரித்திரம் ஒரு விடை கூறியிருக்கிறது. 1897-ல் பூனாவில் பிளேக் நோய் பரவியபோது, அந்நிய சர்க்கார் ராண்டு என்ற அதிகாரியின் கீழ்ச் சிப்பாய்களை வீடு வீடாகப் புகவிட்டது. நோயாளிகள் பலவந்தமாகப் பிரித்தெடுக்கப்பட்டார்கள். பெண்டிரின் மானமும் பூஜையறையின் தூய்மையும் மதிக்கப்படவில்லை. விளைந்தது என்ன? ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். நோயைக் காட்டிலும் அதிகாரிகளுக்கே அதிகமாக அஞ்சினார்கள். ராண்டு கொலையுண்டதும், அதனையொட்டி லோகமான்ய திலகர் ராஜநிந்தனை வழக்கில் சிறை சென்றதும் நமது வாசகர்கள் அறிந்த விஷயங்கள். நோயைச் சொல்பவனுக்குத் தண்டனையும் மறைப்பவனுக்கு லாபமும் இருக்கும் வரையில் எந்தத் தொத்து நோயையும் ஒழிக்க முடியாது என்பதே பூனா கற்பித்த பாடம்.

அந்தப் பாடத்தை நமது சர்வகலாசாலைகள் கற்றுக்கொண்டனவா? அவற்றின் விதிப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நூற்றுக்கு 75 நாள் ஆஜராகாதவன் பரீக்ஷைக்கு உட்கார முடியாது என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள விதி. சற்றுக் குறைந்தால் வைத்தியரின் அத்தாட்சிப் பத்திரமும் காட்டி, அதற்கென ஒரு கட்டணமும் செலுத்தி மன்னிப்புப் பெற வேண்டும். இதன் பொருள் என்ன? சுரத்தோடு வகுப்பில் வந்து உட்கார்ந்து நாற்பது பேருக்கு நோயைப் பகிர்ந்தளிப்பவன் நல்ல மாணவன். பிறர் நலம் கருதி அறையிலேயே படுத்திருப்பவன் அபராதத்துக்குரிய குற்றவாளி! சுவரில், 'நோயுற்றோர் ஓய்வு எடுக்க வேண்டும்' என்று சுகாதார இலாகாவின் விளம்பரம் தொங்குகிறது. மேஜையில், வராதவன் பெயருக்கு நேரே கோடு போடும் ஆஜர்ப் பட்டியல் கிடக்கிறது. மாணவன் எதற்குக் கீழ்ப்படிவான் என்று சொல்லவும் வேண்டுமா?

மாணவர் கதை இதுவானால், ஊழியர் கதை இன்னும் பரிதாபமானது. நிரந்தரமான உத்தியோகஸ்தருக்கு வைத்திய விடுமுறை உண்டு. ஆனால் மணிக்கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கும் விரிவுரையாளருக்கு அவ்விடுமுறை ஏது? வகுப்புக்குப் போகாத மணிக்குக் காசில்லை. ஒப்பந்தக்காரரின் கீழ் விடுதியில் சோறு வடிக்கிறவரும் தரை பெருக்குகிறவரும் ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. இருமலோடு அடுப்படியில் நிற்கிறாரே என்று அந்த அம்மாளை நாம் குறை கூறலாமா? அவரை அங்கே நிறுத்தியது அவருடைய அறியாமையன்று. அன்றைய அரிசி விலை. ஐந்நூறு பேர் உண்ணும் கூடத்தில் ஒருவருடைய அரை வாரக் கூலியை மிச்சம் பிடிக்கப்போய், ஐந்நூறு பேரையும் ஆபத்துக்குள்ளாக்குவது என்ன சிக்கனமோ நாமறியோம்.

'இவ்விதிகளைத் தளர்த்தினால் மாணவர்கள் பொய்ச் சுரம் பிடித்துக் கொட்டமடிப்பார்களே' என்று நிர்வாகிகள் ஆட்சேபிக்கக்கூடும். நூறு பேரில் சிலர் அவ்வாறு செய்யலாம்; இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் இப்போதுள்ள விதி பொய்யனைத் தடுக்கிறதா? பணமுள்ள பொய்யன் எங்கேனும் ஓர் அத்தாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு வந்து கட்டணத்தையும் வீசியெறிந்துவிட்டுப் போகிறான். மெய்யாகவே சுரத்தில் கிடக்கும் ஏழை மாணவன், ஏற்காட்டு மலைக்கிராமத்திலிருந்து வந்த பிள்ளை, மூன்று நாள் சளிச் சுரத்துக்கு டாக்டரிடம் சீட்டு வாங்கப் பணமின்றி, எழுந்து வகுப்புக்கு வந்துவிடுகிறான். பொய்யனுக்கு வழிவிட்டு மெய்யனை வாட்டும் விதியைக் கட்டுப்பாடு என்று அழைப்பது சொல்லுக்கே அவமானமாகும்.

மேலும், விதிகள் கல்லில் வெட்டியவையல்ல. 2020-ல் கொரோனா வந்தபோது நமது சர்வகலாசாலைகள் வகுப்புகளை இணையத்தின் வழியே நடத்தின. பரீக்ஷைகளை வீட்டிலிருந்தபடியே எழுதச் செய்தன. என்றும் அசையாதென்று சொல்லப்பட்ட விதிகளெல்லாம் சில வாரங்களில் அசைந்து கொடுத்தன. ஆபத்து நீங்கியதென்று கண்டதும் பழைய புத்தகமே மீண்டும் மேஜைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்புளூயென்ஸாவும் க்ஷயரோகமும் கொரோனாவைப் போலப் பறையறைந்து வருவதில்லை; ஆண்டுதோறும் ஓசையின்றி வந்து போகின்றன. மகாமாரி வந்தபோது மட்டும் காட்டும் புத்தியை, வழக்கமான மழைக்காலத்துக்கும் காட்டினால் என்ன?

அவ்வாறு காட்டாததனால்தான், நோய் முற்றிய பிறகு எல்லாவற்றையும் இழுத்து மூடுவது ஒன்றே பரிகாரமாகிவிடுகிறது. 2021 மார்ச்சில் தஞ்சாவூர் ஜில்லா அம்மாபேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 50-க்கு மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று கண்டது. அம்மாதம் 22-ந் தேதி முதல் மாநிலமெங்கும் 9, 10, 11-ஆம் வகுப்புகள் நிறுத்தப்பட்டன. 2023 மார்ச்சில் புதுச்சேரியில் இன்புளூயென்ஸாவை முன்னிட்டு எட்டாம் வகுப்பு வரையில் பத்து நாட்களுக்கு மேல் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. அந்தந்தச் சமயத்தில் வேறு வழியில்லாமலிருந்திருக்கலாம். அதிகாரிகளை நாம் குறை கூறவில்லை. ஆயினும் நோயுற்ற பத்துப் பேர் நிம்மதியாக அறையில் தங்குவதற்கு வழி செய்துவிட்டால், நோயற்ற ஆயிரம் பேரின் படிப்பு நிற்கவேண்டிய அவசியம் எவ்வளவோ குறையும்.

மற்றொரு வழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். விடுதியில் ஒருவனுக்குச் சுரம் கண்டதும், 'மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போ' என்று சொல்லிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. விடுதிக்கு அது சௌகரியந்தான். ஆனால் அந்தப் பிள்ளை ஜன்னலடைத்த பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து, பாட்டனும் பாட்டியும் குழந்தைகளும் ஒரே அறையில் படுத்துறங்கும் வீட்டுக்குப் போய்ச் சேருகிறான். நோய் மலையேறிவிட்டது என்று விடுதி நிர்வாகிகள் சொன்னால், அது அக்ஷரத்துக்கு அக்ஷரம் உண்மைதான்! 2021 ஆகஸ்டில் கொரோனா பரவாதிருக்கும்பொருட்டு வார இறுதியில் ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்லத் தடை விதித்தார்கள். உல்லாசத்துக்குப் போகிறவரைத் தடுப்பது அவசியமானால், காய்ச்சலுள்ள மாணவனை அதே மலைக்கு நாமே ஏற்றி அனுப்பாமலிருப்பது அதைவிட அவசியமன்றோ?

இக்காரியங்களுக்குப் புதிதாக ஒரு சட்டம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. 1939-ல் ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாயிருந்தபோது, பொதுச் சுகாதாரத்துக்கென்று விரிவான ஒரு சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1918-ன் இன்புளூயென்ஸா இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்ட காலத்தில், ராஜாஜி சேலம் நகரசபையின் தலைவராயிருந்தவர் என்பது நினைக்கத்தக்கது. ஜனங்களின் பிரதிநிதிகள் செய்த அச்சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. 2020-ல் முகக்கவசம் அணியாதவருக்கு அபராதம் விதிப்பதற்காக அதில் திருத்தமும் செய்தார்கள். சுதேச சர்க்காருக்கும் அந்நிய சர்க்காருக்கும் உள்ள வித்தியாசம், நோயாளிக்குத் தண்டனை விதிப்பதில் தெரியாது. நோயாளி தன் நோயை அச்சமின்றிச் சொல்லும்படி செய்வதில்தான் தெரியும்.

ஆகையால் சர்வகலாசாலைகளின் சிண்டிகேட்டுகளையும் உயர்கல்வி இலாகாவையும் நாம் கேட்பவை இவை. முதலாவதாக, தொத்து நோயால் வராத நாட்களை ஆஜர்க் கணக்கிலிருந்தே நீக்கிவிட வேண்டும். ஐந்து நாள் வரையில் மாணவனின் எழுத்து மூலமான வாக்கே போதுமானதாயிருக்க வேண்டும். நோய்க்குக் கட்டணம் வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இரண்டாவதாக, நோயால் தவறிய தேர்வை மற்றொரு நாளில் எழுத உரிமை வேண்டும். மூன்றாவதாக, மணிக்கூலி ஆசிரியருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் நோய்க்கால ஊதியம் அளிக்க வேண்டும்; ஒப்பந்தப் பத்திரத்திலேயே இந்நிபந்தனையைச் சேர்க்கலாம். நான்காவதாக, ஒவ்வொரு விடுதியிலும் காற்றோட்டமுள்ள சில அறைகளை நோயாளிகளுக்கென்று ஒதுக்கி, உணவும் மருந்தும் அங்கேயே கிடைக்கச் செய்ய வேண்டும். உணவுக்கூடத்தில் பந்தி பந்தியாக நேரம் பிரித்துப் பரிமாற வேண்டும். பனிக்காலத்திலும் எதிரெதிரான ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கம்பளி வாங்கிக் கொடுத்துக் குளிரைப் போக்கலாம். ஜன்னலை அடைத்துப் போக்க வேண்டாம். ஐந்தாவதாக, இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நிற்காத எவருக்கும், மாணவராயினும் ஊழியராயினும், சளிப் பரிசோதனை உடனே நடக்க வேண்டும். க்ஷயரோகத்துக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம்; தக்க மருந்தை ஆரம்பித்துவிட்டால் தொத்தும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. அவ்வாறு சிகிச்சை பெறுவோரின் பெயரை வெளியிடாமல் காப்பது நிர்வாகத்தின் கண்ணியமாகும்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. விதி மாறும் வரையில் கைகட்டிக் காத்திருக்க வேண்டாம். சுரத்தில் படுத்த தோழனுக்குப் பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். அவனுக்குரிய சோற்றை அறைவாசலில் கொண்டுபோய் வையுங்கள். அவன் ஆஜருக்காக நிர்வாகிகளிடம் நீங்கள் வாதாடுங்கள். பேரவைகளும் சங்கங்களும் ஊர்வலத்துக்கு மட்டும் ஏற்பட்டவையல்ல.

வருகிற வடகிழக்குப் பருவமழையோடு சளிச் சுரமும் வழக்கம்போல் வரும். அதற்குள் விதிப்புத்தகத்தில் நான்கு வரிகளை மாற்றுவதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் வேண்டியதில்லை. மனம் ஒன்று இருந்தால் போதும். பெரியார் பல்கலைக்கழகம் முதலிய தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகள் இவ்வாண்டு சிண்டிகேட் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுமென்று எதிர்பார்க்கிறோம். காய்ச்சலோடு வீட்டில் தங்கும் மாணவனுக்கு அவனுடைய சர்வகலாசாலை நஷ்டம் விளைவிக்காது என்ற உறுதி ஏற்படும் நாளில்தான், தொத்து நோயை எதிர்க்கும் வேலையை நாம் மெய்யாகத் தொடங்கினவர்களாவோம்.